ஒரு பெயரைத் தாங்கியவர்கள்

1

பெயரின் அர்த்தம் அது சுட்டும் பொருளே என்று தன் முதல் நூலில் எழுதிய லுட்விக் விட்கென்ஸ்டைன், பிறகு அந்த நிலையைக் கைவிட்டார். ஒருவன் இறக்கும்போது இறப்பது பெயருக்கு உரியவன். பெயரின் அர்த்தம் இறப்பதில்லை. அதுவும் சேர்ந்து இறக்குமானால் ‘இன்னார் இறந்துவிட்டார்’ என்ற வாக்கியத்தையே நாம் அர்த்தத்தோடு சொல்ல முடியாமல் போகும். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1953-ல் வெளிவந்த ‘தத்துவ ஆய்வுகள்’ நூலின் நாற்பதாவது பத்தியில் உள்ள வாதம் ஏறத்தாழ இதுதான்.

இதை மொழி சார்ந்த ஒரு பிரச்னையாகவே பேசி வருகிறார்கள். அப்படிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் எனக்கு இது வேறொரு விதத்தில் தொந்தரவு தருகிறது. பெயருக்கு உரியவன் போன பின்னும் பெயர் மிஞ்சுகிறது என்றால், குடும்பப் பெயர் என்பது என்ன? ஒருவன் இறந்ததும் அது இன்னொருவன்மேல் வந்து உட்காருகிறது. தான் சம்பாதிக்காத பெருமையும் தான் செய்யாத காரியங்களின் பழியும் அதோடு வருகின்றன. அது சொத்தா, கடனா? சொத்தானால் தானம் செய்துவிடலாம், கடனானால் அடைத்துவிடலாம். இரண்டும் முடியாதபோது, ‘நீ அந்த வீட்டைச் சேர்ந்தவனா?’ என்று யாராவது வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்விகளை அந்தரத்தில் வைத்துப் பேசுவதைவிட ஸ்தூலமான ஒரு பெயரை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. விட்கென்ஸ்டைன் என்ற அபூர்வமான அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

நமக்கு இதில் சற்றுத் தூரம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரிலிருந்து ஒரு முதலெழுத்து, அவ்வளவுதான். அதுவும் ஒரு தலைமுறைதான் தாங்கும். பேரன் காலத்தில் தாத்தா எழுத்தளவில்கூட மிஞ்சுவதில்லை. பெயருக்குப் பின்னால் வால்போல் இருந்த சாதிப் பட்டத்தையும் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டையொட்டி முதலில் சிலரும் பிறகு பலரும் வெட்டிவிட்டார்கள். வெட்டியதோடு விஷயம் முடிந்ததா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

2

ஜெர்மனியில் லாஸ்ஃபே என்ற சிற்றூருக்கு மேலே குன்றின்மீது விட்கென்ஸ்டைன் கோட்டை இருக்கிறது. ‘ஸ்டைன்’ என்றால் கல். கோட்டையின் பெயர் சுற்றியிருந்த சீமைக்கு ஆகி, சீமையின் பெயர் அதை ஆண்ட பிரபு வம்சத்துக்கு ஆயிற்று. ஸைன்-விட்கென்ஸ்டைன் என்ற அந்த வம்சத்தின் கிளைகள் பிரஷ்யாவிலிருந்து ரஷ்யா வரை பரவியிருந்தன. இசைக் கலைஞர் லிஸ்ட்டோடு வாழ்ந்த கரோலின் அந்த வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவர்.

அந்தப் பிரபுக்களின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் ஒருவர் இருந்தார். பெயர் மோசஸ் மையர். யூதர். அக்கால ஜெர்மன் யூதர்களிடையே நிலையான குடும்பப் பெயர் பரவலாக இல்லை. இன்னார் மகன் இன்னார் என்ற, நம் முறைக்கு நெருக்கமான வழக்கமே பெரிதும் இருந்தது. அரசுக்கு அது போதவில்லை. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் மனிதர்கள் பேரேட்டில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். யூதர்கள் நிலையான குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்று 1808-ல் நெப்போலியனின் ஆணை வந்தபோது, மோசஸ் மையர் தன் எஜமானர்களின் பெயரை எடுத்துக்கொண்டார்.

இந்த ஆரம்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெயர் ரத்தத்தின் வழி வரவில்லை. ஒரு சக்கரவர்த்தியின் நிர்ப்பந்தமும் ஒரு வேலைக்காரரின் தேர்வும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. நான்கு வருஷம் கழித்து, 1812-ல், அதே நெப்போலியனின் படை பீட்டர்ஸ்பர்க் நோக்கிப் போகாமல் தடுத்து நின்ற ரஷ்யத் தளபதியின் பெயர் பீட்டர் விட்கென்ஸ்டைன். அவர் அசல் பிரபு வம்சத்தவர். சக்கரவர்த்தியை எதிர்த்து நின்றவனின் பெயரும், சக்கரவர்த்தியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவனின் பெயரும் ஒன்று. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒரே ஒலி. அந்த மயக்கம் குடும்பத்துக்குப் பின்னாளில் ஒருமுறை மரியாதைக்கும் ஒருமுறை உயிருக்கும் பயன்பட்டது.

மோசஸின் மகன் ஹெர்மான், 1802-ல் பிறந்தவர், கம்பளி வியாபாரி. யூதத்திலிருந்து பிராட்டஸ்டண்ட் மதத்துக்கு மாறித் தன் பெயரின் நடுவே ‘கிறிஸ்டியன்’ என்று சேர்த்துக்கொண்டார். அப்பா எடுத்துக்கொண்ட பெயருக்கு முன்னால் மகன் ஒரு காவலாளியை நிறுத்தினார் என்று சொல்லலாம். வியன்னாவின் செல்வந்த யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, தானும் மதம் மாறிய ஃபானி ஃபிக்டோரை மணந்தார். பதினொரு பிள்ளைகள். யூதர்களைக் கல்யாணம் செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தடை விதித்தார். குடும்பத்தின் சில கிளைகளில் ஒரு கதையும் உலவத் தொடங்கியது: ஹெர்மான் மோசஸின் மகனே அல்ல, வால்டெக் வம்சத்து இளவரசர் ஒருவருக்கு முறை தவறிப் பிறந்தவர் என்று. சுகவாழ்வில் இருக்கும் குடும்பங்கள் மாலை வேளைகளில் சொல்லிக்கொள்ளும் கதை. அதில் ஒரு பெண்ணின் மானம் போகிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் பெயர் அந்தக் குடும்பப் பெயருக்குள் இல்லைதானே.

3

பதினொரு பிள்ளைகளில் ஒருவரான கார்ல், 1847-ல் பிறந்தவர். பதினேழு பதினெட்டு வயதில் ஒரு வயலினோடு அமெரிக்காவுக்கு ஓடிப்போனார். திரும்பி வந்து ஆஸ்திரிய இரும்பு எஃகுத் தொழிலின் மிகப் பெரிய முதலாளியாக வளர்ந்தார். எஜமானர்களிடமிருந்து இரவல் வாங்கிய பெயர் இவர் காலத்தில் சொந்தக் கனம் பெற்றுவிட்டது. வியன்னாவில் விட்கென்ஸ்டைன் என்றால் இனி பிரபு வம்சம் நினைவுக்கு வர வேண்டிய அவசியமில்லை. எஃகும் இசையும் ஓவியமும் போதும். புதிய ஓவியர்கள் 1898-ல் கட்டிய ஸெஸஷன் மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ல். அவர் மகள் மார்கரெட்டை 1905-ல் கிளிம்ட் வரைந்தார்.

பெயருக்குப் புகழ் கூடக்கூட அதைத் தாங்கிய பிள்ளைகளால் மூச்சுவிட முடியாமல் போயிற்று. மூத்த மகன் ஹான்ஸ் 1902-ல் அமெரிக்காவில் காணாமல் போனார். தற்கொலை என்றே குடும்பம் ஏற்றுக்கொண்டது. ருடால்ஃப் 1904-ல் பெர்லினில் ஒரு மதுக்கடையில் விஷம் குடித்தார். குர்ட் முதல் உலக யுத்தத்தின் கடைசி நாட்களில் போர்முனையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். இந்த மூன்று மரணங்களையும் தந்தையின் கண்டிப்பு என்ற ஒரு காரணத்தில் அடக்கிவிடுகிற எழுத்து நிறைய உண்டு. மனிதர்கள் சாவதற்கு அவ்வளவு லேசான விளக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பிள்ளைகள் எதுவாக வேண்டும் என்பதைப் பெயர் முன்கூட்டியே தீர்மானித்திருந்தது என்பதில் சந்தேகமில்லை.

எஞ்சிய இரு சகோதரர்களில் பால் பியானோக் கலைஞர். 1914-ல் போரில் வலது கையை இழந்தார். பிறகு இடது கைக்கென்றே இசை எழுதித் தரும்படி பெரிய இசைமேதைகளைக் கேட்டுப் பணம் கொடுத்தார். ராவேலின் இடக்கைக் கான்செர்ட்டோ அப்படிப் பிறந்தது. ஆளாளுக்குத் தன் பங்கிலிருந்து ஒன்றைச் செய்தார்கள். பால் பெயரோடு வந்த செல்வத்தால் தன் உடலின் இழப்பை எதிர்கொண்டார். கடைசித் தம்பி லுட்விக் அந்தச் செல்வத்தையே இழக்க முடிவு செய்தார்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ஆஸ்திரிய எழுத்தாளர் தாமஸ் பெர்ன்ஹார்டின் 1982-ஆம் வருஷத்து நூல் ஒன்றின் நாயகர், அவருடைய நண்பரான மற்றொரு பால் விட்கென்ஸ்டைன். 1979-ல் வறுமையில் இறந்தவர். நூலின் தலைப்பு அவரைத் தத்துவவாதியின் சகோதரன் மகன் என்கிறது. உண்மையில் அவர் ஒன்றுவிட்ட உறவில் வருபவர். நம் மொழியில் ‘மகன் முறை’ என்று சொல்லி முடித்திருப்போம்; உறவு தெரிந்திருக்கும், குடும்பப் பெயர் வந்திருக்காது. அங்கே பெயர் முன்னால் நிற்கிறது, மனிதன் அதன் பின்னொட்டாக வருகிறான். தான் யார் என்று காட்டவே பெரியவர் ஒருவரின் நிழலுக்குள் வந்து நிற்க வேண்டியிருக்கும் நிலை அது.

4

லுட்விக் செல்வத்தைத் துறந்தது இரண்டு தடவைகளில். நம் வட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம். அவை வேறு வேறு.

முதலாவது 1914-ல். தந்தை முந்தின வருஷம் இறந்திருந்தார். தன் பங்கிலிருந்து ஒரு லட்சம் கிரௌன் பணத்தை லுட்விக் ஃபொன் ஃபிக்கர் என்பவருக்கு அனுப்பி, கையில் காசில்லாத கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். ஃபிக்கர், இன்ஸ்ப்ருக்கிலிருந்து ‘டெர் பிரென்னர்’ என்ற சிறுபத்திரிகையை நடத்தியவர். நம்மைப் போன்றவர்களுக்கு இது நம்ப முடியாத தேவதைக் கதை. ரில்கேவுக்கும் டிராக்கிலுக்கும் ஆளுக்கு இருபதாயிரம் போயிற்று. கொடுத்தவர் பெயர் பெற்றவர்களில் பலருக்கு அப்போது தெரியாது. டிராக்கில் அந்தப் பணத்தை அனுபவிக்கவில்லை. அந்த நவம்பரில் கிராக்கோ ராணுவ மருத்துவமனையில் இறந்துபோனார். அவரைப் பார்க்க விட்கென்ஸ்டைன் போய்ச் சேர்ந்தது இறந்த சில நாட்களுக்குப் பிறகு.

இரண்டாவது 1919-ல், யுத்தக் கைதியாக இருந்து வீடு திரும்பிய பின். மிச்சமிருந்த அத்தனையையும் எழுதிக் கொடுத்தார். யாருக்கு? ஹெர்மீன், ஹெலன் என்ற இரு அக்காக்களுக்கும் அண்ணன் பாலுக்கும். முதல் தடவை பணம் பெயரைவிட்டு வெளியே போயிற்று. இரண்டாம் தடவை பெயருக்குள்ளேயே இடம் மாறியது. ஏழைகளுக்குக் கொடுத்தால் பணம் அவர்களைக் கெடுத்துவிடும், ஏற்கெனவே பணக்காரர்களாக இருப்பவர்களை இனிக் கெடுக்க முடியாது என்ற ரீதியில் அவர் காரணம் சொன்னதாகச் சொல்வார்கள். காரணம் சுவாரஸ்யமானதுதான். ஆனாலும் சொத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது என்ற விஷயத்தை மறக்கக் கூடாது. இருபது வருஷத்துக்குப் பின் அது முக்கியமாகப் போகிறது.

பணம் போயிற்று. பெயர்? அதை எந்த அக்கா பேரிலும் எழுதி வைக்க முடியாது. அதே 1919-ல் கிராமப் பள்ளி ஆசிரியராவதற்காகப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஆசிரியர் ஒருவர், அந்தப் பணக்கார விட்கென்ஸ்டைன்களுக்கு உறவா என்று கேட்டார். ஆமாம் என்றார். நெருங்கிய உறவா என்று அவர் விடவில்லை. ‘அவ்வளவாக இல்லை’ என்று பதில் சொன்னார் கார்ல் விட்கென்ஸ்டைனின் கடைசி மகன்.

பொய்தான். சிறிய பொய். கேட்டவருக்கு இதனால் ஒரு நஷ்டமுமில்லை. நான் இதில் பார்ப்பது வேறு. ஒரு மனிதர் ஒரு ராஜ்யத்தையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டதும் ராஜ்யம் முழுவதும் திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறது. துறவு என்பது செய்பவன் கையில் பாதிதான் இருக்கிறது. மற்றவர்கள் அந்தப் பெயரை எப்படி உபயோகிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது மறுபாதி. ஒரு சொல்லின் அர்த்தம் அதன் உபயோகத்தில் இருக்கிறது என்று பின்னால் எழுதப்போகிறவருக்கு இது அப்போதே சொந்த அனுபவமாகக் கிடைத்திருந்தது.

5

1936-37 வாக்கில் விட்கென்ஸ்டைன் நண்பர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துத் தன் குற்றங்களை ஒப்புக்கொண்டார். கிராமப் பள்ளியில் குழந்தைகளை அடித்ததும் அதை மறைத்ததும் அவற்றில் ஒன்று. ஓட்டர்டால் கிராமத்துக்கே திரும்பிப் போய் மன்னிப்பும் கேட்டார். இன்னொன்று அவர் பிறப்பைப் பற்றியது. தன் பூர்வீகத்தில் யூதர் பங்கு கால்தான், முக்காலல்ல என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பைத் திருத்த அவர் ஒன்றும் செய்யவில்லை. பொய் சொல்லவில்லை, பொய்யை இருக்க விட்டார். அதுவே அவருக்குப் பாவமாகத் தெரிந்தது.

கேட்டுக்கொண்ட நண்பர்களில் சிலருக்கு எரிச்சல் உண்டானது என்று படிக்கிறோம். இதற்கா இவ்வளவு அமர்க்களம் என்ற எரிச்சல். ஆனால் வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1935-ல் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்துவிட்டன. ஜெர்மனியில் தாத்தா பாட்டிகளை எண்ணித்தான் மனிதனின் கதியைத் தீர்மானித்தார்கள். அந்தச் சமயத்தில் கேம்பிரிட்ஜில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு இரண்டு தாத்தா பாட்டிகளை மறைத்து வைத்திருப்பது, வேட்டையாடப்படுகிறவர்கள் நிற்கும் வரிசையிலிருந்து சத்தமில்லாமல் விலகிக்கொள்வதுதான். பின்னக் கணக்கில் ஏற்பட்ட பிழையாக இதை எடுத்துக்கொண்டால் அந்த ஒப்புதல் வாக்குமூலம் கேலிக்கூத்தாகத்தான் தெரியும். வரிசையை நினைத்துக்கொண்டால் தெரியாது.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டார். நாம் யூதர்களாகக் கணக்கிடப்படுகிறோம் என்று பால் ஒரு நாள் வெளிறிய முகத்தோடு வந்து சொன்னதை அக்கா ஹெர்மீன் தன் குடும்ப நினைவுகளில் எழுதியிருக்கிறார். நான்கில் மூன்று தாத்தா பாட்டிகள் யூத வழி; சட்டப்படி அவர்கள் முழு யூதர்கள். அதே ஆகஸ்டில் இன்னொரு ஆணை: யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘ஸாரா’ என்றும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், 1939 ஜனவரி முதல். ஒரு அரசு 1808-ல் பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னது. இன்னொரு அரசு 130 வருஷம் கழித்து அந்தப் பெயர் போதாது, உன்னைக் காட்டிக்கொடுக்கும் பெயரையும் சேர்த்து எழுது என்றது.

பால் அமெரிக்கா போய்விட்டார். வயதான இரு அக்காக்களும் வியன்னாவை விட்டு வர மறுத்தார்கள். போலிக் கடவுச்சீட்டு வாங்கும் முயற்சி கைதில் முடிந்தது. மிஞ்சிய வழி ஒன்றுதான்: தாத்தா ஹெர்மான் கிறிஸ்டியன் யூதர் அல்ல என்று காட்டுவது. அவர் யூதரில்லை என்றால் மூன்று இரண்டாகக் குறையும், கலப்புப் பிறப்பினர் என்ற வகைக்குள் வந்துவிடலாம், உயிரோடு இருக்கலாம். மாலை வேளைகளில் சொல்லப்பட்ட வால்டெக் இளவரசர் கதை இப்போது அரசாங்க மேஜைமேல் வந்து உட்கார்ந்தது.

பெர்லின் அதை இலவசமாக நம்பத் தயாராக இல்லை. குடும்பத்தின் செல்வம் வெளிநாட்டில் தங்கமாக இருந்தது. பேரம் நடந்தது. லுட்விக் அப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியர்; 1939 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரஜை ஆகியிருந்தார். அந்தக் கையோடு பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் பேச்சில் கலந்துகொண்டார். சுமார் 1.7 டன் தங்கம் ஜெர்மன் அரசு வங்கிக்குப் போயிற்று. போர் தொடங்குவதற்குச் சற்று முன் அக்காக்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவர்கள் வியன்னாவிலேயே இருந்து, யுத்தத்தைத் தாண்டிப் பிழைத்தார்கள். விட்டுக்கொடுக்கும் அளவு பற்றிய தகராறில் பாலுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த உறவு முறிந்து, பிறகு ஒட்டவேயில்லை.

6

முடிச்சு இப்போது தெளிவாகத் தெரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முக்காலைக் காலாக நம்பவிட்டதைப் பாவம் என்று நண்பர்களின் வீடு தேடிப் போய்ச் சொன்ன அதே மனிதர், முக்காலை அரையாக்கும் பத்திரத்துக்காகக் கப்பலேறிப் போகிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு சுலபமான பதில்கள் இருக்கின்றன. ஒன்று, பொய் எங்கே சொன்னாலும் பொய்தான் என்பது. கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லும் உரிமை கிடையாது என்று கான்ட் 1797-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படிக்கும் யாருக்கும் அந்த வாதத்தின் தர்க்கம் பிடிபடும். பிடிபட்ட பின்னும் கதவுக்குப் பின்னால் நிற்பவனின் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றது, உயிர் பிழைத்தார்கள் அல்லவா, அதற்குமேல் விசாரிப்பது நிம்மதியாக வாழ்கிறவர்களின் ஆடம்பரம் என்பது. இந்த இரண்டாவது பதில் மனிதத்தன்மை உள்ளதாகத் தோன்றும். ஆனால் அது விட்கென்ஸ்டைனின் முதல் வாக்குமூலத்தையும் அர்த்தமில்லாததாக்கிவிடுகிறது.

‘என் தாத்தா ஒரு இளவரசரின் மகன்’ என்ற ஒரே வாக்கியம். 19-ஆம் நூற்றாண்டின் வரவேற்பறையில் அது தற்பெருமை. 1930-களில் கேம்பிரிட்ஜில் அதன் நிழலாக நிற்கும் மௌனம் கோழைத்தனம். 1939-ல் பெர்லின் அலுவலகத்தில் அது அடைக்கலம். சொற்கள் மாறவில்லை, செயல் மாறிவிட்டது. உண்மை என்பது வாக்கியத்துக்கும் உலகத்துக்கும் உள்ள பொருத்தம் மட்டுமாக இருந்தால் மூன்றும் ஒரே குற்றம். ஆனால் தார்மீகத்தில் கேட்பவனும் உண்டு. அவன் எதற்காகக் கேட்கிறான், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்பதெல்லாம் உண்மைக்கு வெளியே நிற்கும் தகவல்கள் அல்ல. நட்போடு பழகும் ஒருவருக்கு நான் யார் என்பதை அறியும் உரிமை உண்டு. அதை மறைத்தால் அவரிடமிருந்து நான் ஒன்றைத் திருடுகிறேன். கொல்வதற்குப் பட்டியல் தயாரிக்கும் அதிகாரிக்கு அந்த உரிமை இல்லை. இல்லாத உரிமையை யாரும் மீற முடியாது. ஆகவே அந்தப் பத்திரத்தைப் பொய்யென்று நான் கண்டிக்க மாட்டேன்.

ஆனால் இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பாக்கிகள் நிற்கின்றன.

முதலாவது அந்தத் தங்கம். அடுத்த மாதமே போர் தொடங்கவிருந்த ஒரு அரசின் கஜானாவுக்கு அது போயிற்று. என்னவாயிற்று என்று கேட்க அதிகக் கற்பனை வேண்டாம். பாலின் பிடிவாதத்தைப் பணத்தாசை என்று மட்டும் படிக்க என்னால் முடியவில்லை.

இரண்டாவது அந்த வரிசை. ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் தாத்தாக்கள் இருந்தார்கள். அவர்கள் தாத்தாக்களுக்கு இளவரசர்களோடு ஒலி ஒத்துப்போகும் பெயர் இல்லை, டன் கணக்கில் தங்கமும் இல்லை. இரண்டு கிழவிகள் மற்றவர்களோடு சேர்ந்து சாக வேண்டியிருந்தது என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. பிழைத்ததில் குற்றமில்லை. ஆனால் குற்றமில்லாத இடத்திலும் கடன் இருக்க முடியும். 1919-ல் லுட்விக் துறந்த சொத்து வீட்டுக்குள்ளேயே இருந்ததால்தான் 1939-ல் விலை கொடுக்க முடிந்தது. உண்மையாகவே அது ஏழைகளிடம் போயிருந்தால், கொடுப்பதற்கு அந்தப் பங்கு இருந்திருக்காது. இதிலிருந்து எந்த நீதியையும் வடித்தெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. துறவு முழுமையாக இல்லாமல் போனதே உயிர் காத்தது என்ற உண்மையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, மோசஸ் மையரும் அவர் மனைவியும். சான்றிதழ் எழுதப்பட்டபோது மனைவி சோரம் போனவள் ஆனாள். கணவர் தன் மகனுக்குத் தகப்பன் இல்லை என்று ஆயிற்று. ‘தத்துவ ஆய்வுகள்’ நூலின் எழுபத்தொன்பதாவது பத்தியில், ‘மோசஸ் இருந்ததில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தமெல்லாம் இருக்க முடியும் என்று விட்கென்ஸ்டைன் விசாரிக்கிறார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்தி வந்த ஒருவன் இருந்ததில்லை என்பதா, அந்தப் பெயருடைய தலைவன் இருந்ததில்லை என்பதா, குழந்தையில் நதியிலிருந்து எடுக்கப்பட்டவன் இல்லை என்பதா? விவிலியத்து மோசஸைத்தான் சொல்கிறார். தன் கொள்ளுத் தாத்தாவை நினைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு அரசாங்கம் தன் முத்திரையோடு ‘மோசஸ் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த பத்திரத்துக்காகப் போய் நின்ற குடும்பத்தில் ஒருவர் அவர். அந்தப் பத்தியை இனி வெறும் தர்க்க உதாரணமாக மட்டும் படிக்க எனக்கு வரவில்லை.

7

நமக்கு வருகிறேன். வாலை வெட்டிவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இலக்கியக் கூட்டத்தில் அறிமுகமாகிறவர் பெயரைக் கேட்டுவிட்டு அடுத்ததாக ‘எந்த ஊர்?’ என்கிறார். பிறகு ‘ஊரில் எந்தப் பக்கம்?’ அதிலும் பிடிபடாவிட்டால் ‘அங்கே இன்னாரைத் தெரியுமா?’ என்ன கேட்கப்படுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ‘நெருங்கிய உறவா?’ என்ற அந்த ஆஸ்திரிய ஆசிரியரின் கேள்விதான் இது.

பதில் சொல்லாமல் மழுப்புகிறவர்கள் இரண்டு விதம். மேல்சாதியில் பிறந்த எழுத்தாளர் ஒருவர் ‘எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை’ என்று சிரிக்கிறார். அவருடைய மௌனத்தில் அவருக்கு எதுவும் செலவாவதில்லை. பெயரிலிருந்து வால் போயிற்று. வீடு, படிப்பு, சிபாரிசுக்கு வரும் மாமா எல்லாம் அண்ணன் அக்கா கையில் பத்திரமாக இருக்கின்றன. இன்னொருவர் வாடகைக்கு வீடு தேடிப் போகிறார். வீட்டுக்காரர் அதே கேள்வியை அதே வரிசையில் கேட்கிறார். இவர் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்கிறார், அல்லது பேச்சை மாற்றுகிறார். கேட்பவருக்கு இல்லாத உரிமை ஒன்றை இவர் கொடுக்க மறுக்கிறார்.

இரண்டு மௌனங்களும் காதுக்கு ஒன்றுதான். சாதிப் பெயரை வெட்டியது பற்றி நாம் எழுதுகிற கட்டுரைகளில் இரண்டையும் ஒரே முற்போக்காகக் கணக்கில் எழுதிவிடுகிறோம். முதல் வகையினர் கேம்பிரிட்ஜ் விட்கென்ஸ்டைன் செய்ததைச் செய்ய வேண்டியிருக்கிறது. யாரும் கேட்காதபோதே போய், நான் இன்ன வீட்டிலிருந்து வருகிறேன், இன்னின்னது எனக்கு அங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அது சங்கடமான காரியம். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். இரண்டாம் வகையினர் யாருக்கும் எதுவும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல.

நான் எந்த வகை என்று வாசகர் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. முதல் வகை. பட்டம் என் அப்பா காலத்திலேயே போய்விட்டது; நிலம் நான் படித்து முடிக்கும் வரை இருந்தது.

விட்கென்ஸ்டைன் 1941-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருந்துகளை வார்டுகளுக்குக் கொண்டுபோகும் சிப்பந்தியாக வேலை பார்த்தார். தான் பேராசிரியர் என்பது அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று விரும்பினார். தெரிந்துபோயிற்று. பத்து வருஷம் கழித்து கேம்பிரிட்ஜில் இறந்தார். கல்லறையின்மேல் தரையோடு தரையாக ஒரு கல். அதில் பெயரும் இரண்டு வருஷங்களும் மட்டும் வெட்டியிருக்கிறது.